சின்ன மதர்போர்டு, சித்திரை வெயில்: புராசசர் கூலரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

என் அக்கா மகன் மதுரை வில்லாபுரத்தில் ஒரு மாடி அறையில் தங்கிப் படிக்கிறான். அறைக்கு மேலே நேராக மொட்டை மாடி. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், இரவு பத்து மணிக்கும் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். மேசையில் அதிக இடம் பிடிக்காத சிறிய கணினி ஒன்றை அங்கே வைப்பதற்காகப் பாகம் பாகமாகச் சேர்த்துவந்தான். "மாமா, இதை ஓவர்கிளாக் செய்யலாம் என்று நினைக்கிறேன். எந்தக் கூலர் வாங்குவது?" என்று என்னிடம் கேட்டபோது, ஏற்கெனவே மூன்று பேரிடம் மூன்று பதில் வாங்கி வைத்திருந்தான்.

"சின்ன போர்டுக்குச் சின்னக் கூலர்தான் பொருந்தும்." "தண்ணீர்க் கூலர் மாட்டினால் ஏசி போட்டதுபோல் இருக்கும்." "பெட்டியில் 65 வாட் என்று அச்சிட்டிருக்கிறது, எதை மாட்டினாலும் போதும்."

இந்த மூன்றையும் நானும் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். மூன்றுமே தவறு. இவற்றை நம்பி ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டியவர்களும் உண்டு. அதனால்தான் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். கணினியின் மூடியைத் திறந்தே பார்க்காதவருக்கும் இது புரிய வேண்டும்.

## தாளம் முடுகினால் வியர்வை கூடும்

ஒயிலாட்டம் பார்த்திருப்பீர்கள். வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் மேளத்தின் அடிக்கு ஒன்றாகக் கால் மாற்றுகிறார்கள். புராசசருக்குள்ளும் அப்படி ஒரு தாளம் உண்டு. புராசசர் என்பது கணினியின் கணக்குகளைப் போடும் சில்லு. அதில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள், அதாவது மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் செய்கிற நுண்ணிய சுவிட்சுகள், அந்தத் தாளத்துக்கு ஏற்பவே மாறுகின்றன. 4.5 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 450 கோடி அடி. தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த தாளத்தைத் தாண்டி நாமே அதை முடுக்குவதுதான் ஓவர்கிளாக்கிங்.

மேளம் வேகமெடுத்தால் ஆட்டக்காரர் காலை இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும். மாற்றாதவர் வரிசையைக் குலைப்பார். டிரான்சிஸ்டரும் அப்படித்தான். குறைந்த நேரத்தில் மாறி முடிக்காவிட்டால் கணக்கு தப்பும், கணினி உறைந்து நின்றுவிடும். அதற்காகப் புராசசருக்குக் கொடுக்கும் வோல்ட்டைச் சிறிது கூட்டுகிறோம். செலவு தொடங்குவது இங்கேதான். புராசசர் குடிக்கும் மின்சாரம், தாளத்தின் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். வோல்ட்டுக்கோ அதன் வர்க்கத்தின் விகிதத்தில் ஏறும்.

எண்ணை வைத்துப் பார்த்தால் இதன் கனம் தெரியும். 4.5 கிகாஹெர்ட்ஸில், 1.2 வோல்ட்டில் ஓடும் ஒரு புராசசரை 4.8 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, அதற்காக 1.3 வோல்ட் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தில் லாபம் நூற்றுக்கு ஏழுகூட இல்லை. 1.2இன் வர்க்கம் 1.44, 1.3இன் வர்க்கம் 1.69, வேகத்தின் உயர்வையும் சேர்த்தால் மின்செலவு நூற்றுக்கு 25 கூடிவிடுகிறது. 100 வாட் குடித்தது 125 வாட் குடிக்கும். குடித்த மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும்.

ஆகவே இதுவரை: ஓவர்கிளாக்கிங் என்பது சில்லின் தாளத்தை முடுக்குவது. வேகம் கொஞ்சம் ஏறும். சூடு அதைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும்.

## இட்லிப் பானைக்குள் ஒரு கூலர்

100 வாட் என்றதும், பழைய குண்டு பல்பு அளவுதானே என்று தோன்றும். அளவு அல்ல, அது குவிந்திருக்கும் இடம்தான் சிக்கல். 1000 வாட் இஸ்திரிப்பெட்டியின் அடித்தகடு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் விழுகிறது. அந்தச் சூட்டுக்கே சட்டை கருகுகிறது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசைப் புராசசர்களில் கணக்கின் பெரும்பகுதியைப் போடும் சிலிக்கன் துண்டின் பரப்பு ஏறக்குறைய 70 சதுர மில்லிமீட்டர்தான், சுண்டுவிரல் நகத்தளவு. அதில் 100 வாட் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 140 வாட்டைத் தாண்டும். இஸ்திரிப்பெட்டியைப் போல இருபத்தைந்து மடங்குக்கும் மேல்.

இந்தக் குவிந்த சூட்டை வாங்கிப் பரப்பிக் காற்றிடம் ஒப்படைப்பதுதான் கூலரின் வேலை. சூட்டை அது அழிப்பதில்லை, உறிஞ்சி வைத்துக்கொள்வதும் இல்லை. இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான்.

குழந்தைக்குச் சுடுசோறு ஊட்டும் தாய் அதைத் தட்டில் பரப்பி விசிறுகிறாள். சோற்றைக் குவித்து வைத்தால் ஆறாது, பரப்பினால் சட்டென ஆறும். காற்றுப் படும் பரப்பு கூடுகிறது என்பதே காரணம். கூலரில் அடுக்கடுக்காக நிற்கும் மெல்லிய அலுமினியத் தகடுகள் அந்தத் தட்டின் வேலையைச் செய்கின்றன. அவற்றைத் துடுப்புகள் என்கிறார்கள். விசிறியின் வேலை தாயின் கையிலிருக்கும் விசிறியின் வேலையே.

நகத்தளவுச் சில்லிலிருந்து தள்ளி நிற்கும் தகடுகளுக்குச் சூடு எப்படிப் போகிறது? அடுப்பில் இருந்து இறக்கிய இட்லிப் பானையின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கொதித்த தண்ணீர் ஆவியாகி மேலே போய், மூடியில் பட்டுக் குளிர்ந்து துளியாகி, மறுபடி கீழே சொட்டுகிறது. அடுப்பின் சூட்டை மூடிவரை தூக்கிக்கொண்டு போனது ஆவி. ஹீட் பைப் எனப்படும் செம்புக் குழாயும் இதையேதான் செய்கிறது. இரு முனையும் அடைத்த குழாய். உள்ளே காற்றை எடுத்துவிட்டுச் சிறிது தண்ணீரை மட்டும் விட்டிருப்பார்கள். காற்றழுத்தம் இல்லாததால் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகிவிடும். சில்லின் பக்கம் ஆவியாகி, துடுப்புகளின் பக்கம் தண்ணீராகிறது. திரும்பிவரும் வழிக்குக் குழாயின் உட்சுவரில் நுண்துளைப் பூச்சு ஒன்று உண்டு. அகல்விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அது தண்ணீரை இழுத்து வருகிறது. மோட்டார் இல்லை, ஓசை இல்லை. மனிதர்கள் செய்த பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இதுவும் ஒன்று.

## கணக்கை மதுரை அறையிலிருந்து தொடங்குங்கள்

கூலர் வாங்குவோரில் பெரும்பாலோர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. நம் வியர்வையை உலர்த்துவதால் நமக்குக் குளுமையாகத் தெரிகிறது. ஆளில்லாத அறையில் விசிறியைச் சுழலவிட்டால் அறைச் சூடு ஒரு புள்ளிகூடக் குறையாது. கூலரின் விசிறிக்கும் அதே நியாயம். அறைக்காற்று 38 டிகிரி என்றால் உலகின் எந்த விசிறிக் கூலரும் புராசசரை 38 டிகிரிக்குக் கீழே கொண்டுவர முடியாது. அதற்கு மேலே எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதில்தான் கூலருக்குக் கூலர் வேறுபாடு.

இதை அளக்க ஒரு சொல் இருக்கிறது: வெப்பத் தடை. ஒவ்வொரு வாட் சூட்டுக்கும் சில்லின் வெப்பம் சுற்றியுள்ள காற்றைவிட எத்தனை டிகிரி உயர்கிறது என்பதே அது. எண் குறைவாக இருந்தால் கூலர் நல்லது.

கணக்குக்காக இரண்டு கூலர்களை எடுத்துக்கொள்வோம். தட்டையான சின்னக் கூலருக்கு வாட்டுக்கு 0.5 டிகிரி, உயரமான கூலருக்கு வாட்டுக்கு 0.3 டிகிரி. ஓவர்கிளாக் செய்த புராசசர் 120 வாட் தள்ளுகிறது. மே மாதப் பிற்பகலில் அறை 38 டிகிரி. பாகங்கள் எல்லாம் அடங்கியிருக்கும் கூடான கேபினெட்டுக்குள் காற்று இன்னும் 5 டிகிரி கூடி 43. சின்னக் கூலரில் 120 வாட்டுக்கு 60 டிகிரி உயர்வு, கூட்டினால் 103. உயரமான கூலரில் 36 டிகிரி உயர்வு, கூட்டினால் 79.

103 வரை உண்மையில் போகாது, புராசசர் போகவிடாது. இன்டெல்லின் 13ஆம் தலைமுறைப் புராசசர்களுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி, ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. அந்த வரம்பைத் தொட்டதும் சில்லு தன் தாளத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதைத் தெர்மல் திராட்லிங் என்பார்கள். அதாவது, பணம் கொடுத்து ஏற்றிய வேகத்தை வெயில் பிடுங்கிக்கொள்கிறது. ஓவர்கிளாக் செய்ததாக நாம் நம்பிக்கொண்டிருப்போம்; கணினி பழைய வேகத்தில், சில நேரம் அதைவிடவும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்.

அதே கணினியை, அதே சின்னக் கூலரோடு கொடைக்கானலுக்கு எடுத்துப் போங்கள். அறை 18 டிகிரி, கேபினெட்டுக்குள் 23 என்றால் 83 டிகிரியில் நின்றுவிடும். மலைமேல் தேறும் கூலர் மதுரையில் தோற்கிறது. குளிர்ந்த அறையில் எடுத்த அளவைப் பார்த்து "அருமையான கூலர்" என்று யாராவது சொன்னால், அது பொய்யல்ல, ஆனால் நமக்கான எண்ணும் அல்ல. அறைச் சூட்டுக்கு மேல் எத்தனை டிகிரி என்ற வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, நம் அறைச் சூட்டை நாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.

கூலருக்கு "அறை" என்பது உண்மையில் கேபினெட்டின் உட்காற்று என்பதையும் மறக்கக் கூடாது. திரைக்கான படங்களை வரையும் 200 வாட் கிராபிக்ஸ் கார்டு ஒன்று பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சு விட்டால், அந்த 5 டிகிரி எளிதில் 10, 15 ஆகிவிடும். சிறிய கேபினெட்டில் இருவரும் ஒரே காற்றைத்தான் பங்குபோட வேண்டும்.

சுருக்கிச் சொன்னால்: அறைச் சூடு, அதோடு கேபினெட்டுக்குள் கூடும் சூடு, அதோடு வாட்டை வெப்பத் தடையால் பெருக்கிய எண். இந்த மூன்றின் கூட்டுத்தொகை வரம்புக்குக் கீழே நிற்க வேண்டும். பத்துப் பதினைந்து டிகிரி மிச்சம் இருந்தால் நிம்மதி.

## ஒரு சாணுக்கும் குறைந்த பலகை

இனி மதர்போர்டு. எல்லாப் பாகங்களும் வந்து பொருந்தும் தாய்ப்பலகை அது. வழக்கமான ஏடிஎக்ஸ் பலகை 30.5 சென்டிமீட்டருக்கு 24.4. சிறியவற்றில் பரவலாகக் கிடைப்பது மினி ஐடிஎக்ஸ்: 17க்கு 17 சென்டிமீட்டர். 2001இல் வியா நிறுவனம் கொண்டுவந்த அளவு. ஒரு சாணுக்கும் குறைவு. பரப்பில் பெரிய பலகையின் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை.

"சின்ன போர்டுக்குச் சின்னக் கூலர்" என்ற பேச்சு எங்கே தவறுகிறது? மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் வீடு கட்டுபவரைக் கேளுங்கள். மனை குறுகலாக இருந்தால் மேலே கட்டுவார்கள். அண்டை வீட்டுச் சுவரைத் தாண்டக் கூடாது, ஆனால் மாடி எழுப்பலாம். மினி ஐடிஎக்ஸிலும் அப்படித்தான். பலகை கூலரின் அகலத்தைக் கட்டுப்படுத்துகிறது. உயரத்தைக் கட்டுப்படுத்துவது கேபினெட். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இடம் இருந்தும் பலர் தட்டையான கூலரை வாங்கி அவதிப்படுகிறார்கள்.

உயரத்தின் வரம்பு கேபினெட்டுக்குக் கேபினெட் எவ்வளவு மாறும் என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். கூலர் மாஸ்டரின் என்ஆர்200 கேபினெட்டில் 155 மில்லிமீட்டர் உயரக் கூலர் நுழையும். டான் ஏ4 கேபினெட்டில் 48 மில்லிமீட்டர்தான். இரண்டிலும் உள்ளே போவது அதே 17 சென்டிமீட்டர் பலகை.

அகலத்தைப் பார்ப்போம். புராசசர் உட்காரும் இடம் சாக்கெட். மினி ஐடிஎக்ஸில் அதன் ஒரு பக்கத்தில் ரேம் எனப்படும் நினைவகக் குச்சிகள், இன்னொரு பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டின் பள்ளம், மற்ற பக்கங்களில் மின்சாரத்தைச் சீராக்கும் பகுதிக்கான உலோகக் கட்டிகள். எல்லாம் தோளோடு தோள் உரசி நிற்கும். ஒளிவிடும் உயரமான ரேம் வாங்கிவிட்டால் கூலரின் விசிறி அதில் இடிக்கும். அந்த விளக்கு ஒளிக்காக நல்ல கூலரை இழப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. உயரம் குறைந்த ரேமையே வாங்கச் சொல்வேன். அண்டைச் சுவரைத் தொடாத கூலர்களும் இருக்கின்றன. நாக்டுவாவின் என்எச்-யு9எஸ் அகலத்தில் 95 மில்லிமீட்டர்தான், உயரம் 125. அதே நிறுவனத்தின் என்எச்-எல்9ஐ அதே 95 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கி, விசிறியோடு சேர்த்து 37 மில்லிமீட்டரில் முடிந்துவிடுகிறது. பின்னதை ஓவர்கிளாக்கிங்குக்கு ஏற்றதாக அதன் தயாரிப்பாளரே சொல்வதில்லை.

திருநகரில் என் நண்பர் ஒருவர் கேபினெட்டின் அளவைப் பார்க்காமல் 165 மில்லிமீட்டர் கூலரை வாங்கிவிட்டார். பக்க மூடி மூடவில்லை. "திறந்திருந்தால் காற்று நன்றாகத்தானே வரும்" என்று கோடை முழுவதும் அப்படியே ஓட்டினார். வைகாசிக் காற்று கொண்டுவந்த புழுதி துடுப்புகளுக்கு நடுவே கம்பளம்போலப் படிந்தது. ஒரு நாள் விசிறி நின்றது; பார்த்தால் உள்ளே பல்லி. அளவு நாடா ஒன்று இருந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

## நூறு ஆம்பியர் ஓடும் மூலை

மின்சாரத்தைச் சீராக்கும் பகுதி என்று சொன்னேன். அதற்கு விஆர்எம் என்று பெயர். எஸ்எம்பிஎஸ், அதாவது கணினியின் மின்வழங்கிப் பெட்டி, தரும் 12 வோல்ட்டை, புராசசர் குடிக்கும் ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இறக்குவது அதன் வேலை. கூலர் பற்றிய பேச்சில் இது எப்போதும் விட்டுப்போகிறது.

120 வாட்டை 1.2 வோல்ட்டில் கொடுக்க வேண்டுமென்றால் 100 ஆம்பியர் ஓட வேண்டும். வீட்டில் ஒன்றரை டன் ஏசி 230 வோல்ட்டில் ஏழு ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். அவ்வளவு மின்னோட்டம் உள்ளங்கை அகலத்துக்குள் ஓடும்போது, பத்தில் ஒரு பங்கு வீணானாலும் பத்துப் பன்னிரண்டு வாட் அங்கேயே சூடாகிறது. பெரிய பலகையில் இந்த வேலையைப் பல சில்லுகள் பங்கிட்டுக்கொள்ளும், மேலே கனத்த உலோகக் கட்டியும் இருக்கும். சின்னப் பலகையில் சில்லுகளும் குறைவு, கட்டியும் சிறிது. விஆர்எம் அளவு மீறிச் சூடானால், புராசசர் 70 டிகிரியில் சௌக்கியமாக இருந்தாலும் வேகம் இறங்கும். காரணம் தெரியாமல் கூலரைக் குறை சொல்வார்கள்.

ஆகவே கூலர் எந்தப் பக்கம் காற்று ஊதுகிறது என்பதும் தேர்வில் சேர்ந்தது. பலகையை நோக்கிக் கீழே ஊதும் கூலர் போகிற போக்கில் விஆர்எம், ரேம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும். நெட்டையாக நிற்கும் கூலர் பலகைக்கு இணையாக ஊதும். அதன் காற்றில் கொஞ்சம் விஆர்எம்முக்குக் கிடைக்கும். பெரும்பாலான தண்ணீர்க் கூலர்களில் அந்த இடத்தில் விசிறியே இருப்பதில்லை, தனியாக ஒரு சின்ன விசிறி வைப்பது நல்லது.

## பெட்டியில் இருக்கும் 65 வாட்

டிடிபி என்று பெட்டியில் ஒரு வாட் எண் போட்டிருப்பார்கள். கூலர் தேர்வுக்காக நிறுவனம் கொடுக்கும் அடையாள எண் அது. புராசசர் குடிக்கும் உச்சம் அல்ல. ரைசன் 5 7600இன் டிடிபி 65 வாட். ஆனால் அதன் சாக்கெட் வழியாக 88 வாட் வரை போக அனுமதி உண்டு. ரைசன் 7 7700எக்ஸ் 105 வாட் என்று சொல்லிக்கொண்டு 142 வரை போகும். இன்டெல் இப்போது இரண்டு எண்ணும் கொடுக்கிறது: கோர் ஐ9-13900கே அடிப்படையில் 125 வாட், முடுக்கத்தில் 253. இவை ஓவர்கிளாக் செய்வதற்கு முன்பே உள்ள எண்கள். கூலரைப் பெரிய எண்ணுக்குத்தான் வாங்க வேண்டும், அதற்கு மேலே ஓவர்கிளாக்கின் பங்கைச் சேர்த்து.

இன்னொன்று: ரைசன் 7000 வரிசையின் உயர் வகைகள் கடும் வேலையில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. பெரிய கூலர் மாட்டியும் 95 காட்டுகிறதே என்று பதறுபவர்கள் உண்டு. அதில் நல்ல கூலர் செய்வது, அதே 95 டிகிரியில் கூடுதல் வேகத்தைத் தருவது. வெப்ப எண்ணை மட்டும் பார்க்காமல் கிகாஹெர்ட்ஸையும் பாருங்கள்.

எல்லாப் புராசசரும் எல்லாப் பலகையும் ஓவர்கிளாக்கிங்கை அனுமதிப்பதும் இல்லை. இன்டெல்லில் கே என்ற எழுத்துள்ள புராசசரும் இசட் வரிசைப் பலகையும் வேண்டும். ஏஎம்டியில் ஏ620 பலகைகளில் முடியாது. பி650, எக்ஸ்670 போன்றவற்றில் முடியும். கூலருக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

## தட்டை, நெட்டை, தண்ணீர்

கேபினெட் 50 மில்லிமீட்டருக்குக் கீழேதான் இடம் தருகிறது என்றால், மதுரையில் ஓவர்கிளாக்கிங்கை விட்டுவிடுங்கள் என்பதே என் அறிவுரை. அதற்குப் பதில் எதிர்த்திசையில் போகலாம். வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு வோல்ட்டைக் குறைப்பது அண்டர்வோல்டிங். 1.2இலிருந்து 1.1 வோல்ட்டுக்கு இறக்க முடிந்தால், அதே வர்க்கக் கணக்கின்படி மின்செலவு நூற்றுக்கு 16 குறையும். எல்லாச் சில்லும் இதற்கு இடம் கொடுக்காது. படிப்படியாக இறக்கிச் சோதிக்க வேண்டும். சூட்டில் தடுமாறிக்கொண்டிருந்த கணினி இதனாலேயே வேகமெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர்க் கோடைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

120 முதல் 155 மில்லிமீட்டர் வரை இடம் இருந்தால், நெட்டையான காற்றுக் கூலர்தான் என் முதல் தேர்வு. கெட்டுப்போவதற்கு அதில் விசிறி ஒன்றுதான் இருக்கிறது. கெட்டாலும் எந்தக் கடையிலும் மாற்று விசிறி கிடைக்கும்.

தண்ணீர்க் கூலர் ஏசி அல்ல. ஏசியில் இருப்பதுபோன்ற கம்ப்ரசர் அதில் கிடையாது. சில்லின் சூட்டைத் திரவம் வாங்கி, குழாய் வழியாகத் துடுப்புகள் கொண்ட ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது. அங்கே விசிறி அதே அறைக்காற்றைத்தான் ஊதுகிறது. அறை 38 என்றால் இதற்கும் அடித்தளம் 38. அதன் உண்மையான பலன் வேறு: சாக்கெட்டின் அருகே இடம் இல்லாதபோது, துடுப்புகளைக் கேபினெட்டின் இன்னொரு மூலைக்கு மாற்ற உதவுகிறது. 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் வைக்க இடமிருந்து, 150 வாட்டுக்கு மேல் தள்ளும் புராசசராக இருந்தால் அது நியாயமான செலவு. ஆனால் திரவத்தைச் சுற்றவைக்கும் பம்பு தேயும், பல ஆண்டுகளில் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பொருத்தும்போது சுற்றின் மிக உயரமான இடத்தில் பம்பு இருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி உச்சியில் போய்ச் சேரும், பம்புக்குள் அது புகுந்தால் இரைச்சலும் தேய்மானமும்தான்.

எந்த வகையானாலும் சாக்கெட்டுக்குப் பொருந்துமா என்று கேட்டுவிடுங்கள். இன்டெல்லின் எல்ஜிஏ1200 சாக்கெட்டில் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர், எல்ஜிஏ1700இல் 78. மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் பழைய பிடி புதியதில் உட்காராது.

## வெற்றிலைக்குச் சுண்ணாம்பு போல

கூலரின் அடியும் புராசசரின் மூடியும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுணுகிப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். அந்தப் பள்ளங்களில் காற்று தங்கினால் சூடு கடக்காது. செம்பு சூட்டைக் கடத்துவதில் காற்றைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் திறமையானது. காற்றை விரட்ட இடும் பசைதான் தெர்மல் பேஸ்ட். பசை காற்றைவிட மேல், உலோகத்தைவிட மிகவும் கீழ். அதனால் பள்ளத்தை நிரப்பினால் போதும், மெத்தை கட்டக் கூடாது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதுபோலத்தான்: இல்லாவிட்டால் சிவக்காது, கூடினால் வாய் வெந்துவிடும். நடுவில் பட்டாணி அளவு வைத்து, கூலரை நேராக இறக்கி, திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

## சோதனையை மூன்று மணிக்கு வையுங்கள்

மார்கழிக் காலையில் சோதித்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொன்ன கணினிகள் அக்னி நட்சத்திரத்தில் அணைவதை நிறையப் பார்த்தாயிற்று. அறை மிகச் சூடாக இருக்கும் பிற்பகல் மூன்று மணிக்கு, கேபினெட் மூடியை மூடி, வழக்கமாக வைக்கும் இடத்திலேயே வைத்துச் சோதியுங்கள். ஐந்து நிமிடம் போதாது. தண்ணீர்க் கூலரில் இது மிகவும் முக்கியம். திரவம் சூடேற நேரமெடுக்கும், முதல் சில நிமிடங்களில் எல்லா எண்ணும் அழகாகத்தான் தெரியும். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, வெப்பமும் வேகமும் ஒரே இடத்தில் நின்றபின் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். வேகம் இறங்கிக்கொண்டே போனால் வோல்ட்டை ஒரு படி இறக்கி, தாளத்தையும் ஒரு படி குறைத்து, மறுபடி முதலிலிருந்து.

அக்கா மகன் வாங்கியது 155 மில்லிமீட்டர் இடம் தரும் கேபினெட். அதனால் நெட்டைக் கூலரையே எடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இருவரும் உட்கார்ந்து சோதித்தபோது, எதிர்பார்த்ததைவிடச் சூடு கூடுதலாகவே இருந்தது. கூலரில் குறையில்லை, பசையிலும் இல்லை. மேசை சுவரை ஒட்டிக் கிடந்தது. கேபினெட் பின்புறமாகத் தள்ளிய சூடான காற்று சுவரில் முட்டி மறுபடி உள்ளேயே வந்துகொண்டிருந்தது. மேசையை ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டு, அடுத்த நாள் அதே மூன்று மணிக்கு மீண்டும் ஓடவிட்டோம். அதற்குப் பிறகுதான் அவன் பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் திரையில், முதல் எண்ணை மாற்றினான்.